மாடம்பாக்கத்துக் கேட் திறந்த கதை

கார் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரைத் தூரத்திலிருந்தே படித்து கேட்டைத் திறக்கும் பெட்டிக்கு ரீடர் என்று பெயர். அதைக் கம்பத்தில் மாட்டுவது கால்வாசி வேலை, மீதி முக்கால்வாசி, லேப்டாப்பில் அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பது. நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மாடம்பாக்கத்து அபார்ட்மென்ட்தான் நான் தனியாகப் போன முதல் சைட். "ஞாயித்துக்கிழமை அசோசியேஷன் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கேட் திறக்கணும் ஷீபா. திறந்தா இனிமே சைட் எல்லாம் உனக்கு. இல்லேன்னா பழையபடி ஆஃபீஸ்ல கொட்டேஷன் டைப் பண்ணு" என்றார் முதலாளி. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தில் இல்லை, ஆசையில்.

நெட் இல்லாத வெப்சைட்

ரீடருக்கும் லேப்டாப்புக்கும் கேபிள் போட்டு, பிரவுசரில் ரீடரின் ஐ.பி. எண்ணை அடித்தேன். பக்கம் வரவில்லை. லேப்டாப்பின் எண்ணையும் அதே வரிசைக்கு மாற்ற வேண்டும், படபடப்பில் மறந்திருந்தேன். மாற்றியதும் பக்கம் வந்து நின்றது. குதிக்காத குறை.

பின்னால் குடையோடு நின்ற அசோசியேஷன் செக்ரட்டரி, நெட் இல்லாமல் பக்கம் எப்படி வந்தது என்று கேட்டார். அந்தப் பக்கம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்றேன். கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்போ அதுல கிரிக்கெட் வராதாம்மா?"

முழு பவர்

எவ்வளவு தூரத்துக்குப் படிக்க வேண்டும் என்று சொல்ல, அந்தப் பக்கத்தில் பவர் என்று ஒரு கட்டம். ஆர்வக்கோளாறில் உச்சத்தில் வைத்தேன். கேட் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. வாசலில் ஒரு வண்டியும் இல்லை. உள்ளே பார்க்கிங்கில் நின்ற கார்களை எல்லாம் ரீடர் படித்துக்கொண்டிருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வாசல் வேகத்தடைக்கு வரும் காரை மட்டும் படிக்கிற மாதிரி வைத்து, சேவ் பண்ணினேன். அதுவரை எழுந்து எழுந்து உட்கார்ந்த வாட்ச்மேன் செல்வம் அண்ணன் சொன்னார்: "யாருமே வரல, கேட்டு தொறந்துகினே கீது. நான் யாருக்கும்மா சல்யூட் அடிக்கிறது?"

ஞாயிறு காலை

பத்து மணிக்கு எல்லோரும் கேட்டடியில். பொருளாளரின் கார் வந்தது, கேட் திறந்தது, கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து தலைவரின் மனைவி மாலதி மேடம் கார். கேட் அசையவில்லை. பின்னால் எடுத்து மறுபடி வந்தார். என் லேப்டாப் திரையில் ஒரு வரிகூட விழவில்லை. பவரை ஏற்றினால் பார்க்கிங் கார்களும் சேர்ந்துகொள்ளும். "பேசாம வாட்ச்மேன் வண்டி நம்பர் எழுதுற பழைய நோட்டே போதும்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

காரிடம் ஓடினேன். ஸ்டிக்கர் மேலேயே ஈரம் காயாத சந்தனம், அப்பளம் அளவுக்கு, நடுவில் குங்குமம். ஈரம் பட்டால் ஸ்டிக்கர் ஊமையாகிவிடும். தயங்கிச் சொன்னேன். அவரே டிஷ்யூவால் துடைத்தார். மறுபடி வந்தார். திரையில் ஸ்டிக்கர் எண் விழுந்தது, கேட் திறந்தது, நான் கத்தியதில் செல்வம் அண்ணன் சல்யூட்டையே மறந்துவிட்டார். அங்கேயே முதலாளிக்கு போன் போட்டேன். "நாளைக்குப் பம்மல் சைட், நீயே போ" என்றார். மாலதி மேடம் கண்ணாடியை இறக்கினார்: "வண்டிக்குப் புதுசா ஒண்ணு வந்தா பொட்டு வைக்காம எப்படிம்மா?"

பவருக்கும் தூரத்துக்கும் கட்டம் வைத்த புண்ணியவான்கள், சந்தனத்துக்கு ஒரு கட்டம் வைக்க மறந்துவிட்டார்கள்.