உப்பைத் தேய்க்கும் நேரம்

கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் மண்டபம் பக்கம் ஒரு வருடம் குடியிருந்து பார்க்க வேண்டும். இங்கே வைரஸுக்கு வேலையே இல்லை. அது வருவதற்கு முன்னாலேயே உப்பு வந்து எல்லாவற்றையும் முடித்துவிடும். வைகாசியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்தால் ஆவணி வரைக்கும் கடல் ஈரமும் மணலும் சேர்ந்து வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். ஜன்னல் கம்பி, கதவுக் கொண்டி, சைக்கிள் செயின், மிக்ஸியின் அடிப்பாகம் என்று ஒன்றையும் விடாது.

என் வீடு தெற்குக் கடலைப் பார்த்த வீடு. என் மனைவி இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அவள் ஆசைப்பட்டுக் கட்டியது. நான் கடலாடி தாலுகா ஆபீஸில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். மிளகாய்த் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்த எனக்குக் கடல் மேல் பெரிய பிரியம் கிடையாது. அவளுக்காகத்தான் வந்தேன். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. வீட்டையும் கடலையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. கேட்க ஆள் இல்லாததால் அவை வருடத்துக்கு வருடம் கெட்டிப்பட்டு வருகின்றன. ஒரு மனுவை அடித்து எடுக்க எவ்வளவு கம்ப்யூட்டர் வேண்டும்? மிகக் கொஞ்சம் போதும் என்பது என் கட்சி. ஆனால் இப்போதைய மென்பொருள் ஒன்றைத் திறந்தால் முதலில் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பிறகு பாஸ்வேர்ட் கேட்கிறது. பிறகு ஒரு வட்டம் சுற்றுகிறது. அந்த வட்டம் நிற்பதற்குள் பழைய டைப்ரைட்டரில் நான் பாதிப் பக்கம் முடித்திருப்பேன். மெஷின் வருடா வருடம் வேகமாகிறது. அதில் ஓடுவது வருடா வருடம் கொழுக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் காத்திருக்கிற நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது. இதற்குப் பெயர் முன்னேற்றம் என்கிறார்கள்.

என்னிடம் இருந்தது அப்படிப்பட்ட மெஷின் இல்லை. என் மகள் கல்லூரியில் படிக்கும்போது ஒரு விடுமுறைக்கு வந்து, ஒவ்வொரு பாகமாக வாங்கி, கூடத்துத் தரையில் உட்கார்ந்து அவள் கையாலேயே பூட்டிய டெஸ்க்டாப் அது. இலவசமாகக் கிடைக்கிற, ரொம்ப எடையில்லாத ஒரு சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தாள். பட்டனைத் தட்டிவிட்டுச் செம்பில் தண்ணீர் எடுத்து வருவதற்குள் தயாராகிவிடும். அகதி முகாமிலிருந்தும் தெருவிலிருந்தும் மனு எழுத வருகிறவர்களுக்கு அதில்தான் அடித்துக் கொடுப்பேன்.

மகள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். என்ன வேலை என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு புரோகிராம் ஒரே விஷயத்தை ரெண்டு தரம் கேட்டுக்கிட்டு இருக்கும்யா. அந்த எடத்தக் கண்டுபிடிச்சு ஒரு தரமா ஆக்கணும். தேவையில்லாத நடையைக் குறைக்கணும். அம்புட்டுத்தான்" என்றாள். நல்ல வேலை என்று நினைத்தேன். என் கட்சிக்கு ஒரு ஆள் கிடைத்த மாதிரி இருந்தது. அந்த நடையைக் குறைக்கிற வேலை ஒருநாள் என் வீட்டு வாசலுக்கும் வரும் என்று அப்போது தெரியாது.

மனைவி இறந்த வருடம் ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஷின் ஆன் ஆகவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது. பீப், பீப், பீப் என்று மூன்று தரம் நீளமாகக் கத்திவிட்டு நின்றது. மகளுக்குப் போன் செய்தேன்.

"எத்தன தரம் கத்துச்சு அய்யா?"

"மூணு."

"அப்ப ராம்தான். ஒண்ணும் பயமில்ல. பிளக்கப் பிடுங்கிட்டு, சிபியு பக்கத்து மூடியக் கழத்துங்க. உள்ள ராம்னு பச்சை மெமரி அட்டை ஒண்ணு நட்டமா நிக்கும், ரெண்டு பக்கமும் கொக்கி இருக்கும். பென்சில் அழிக்கிற ரப்பர் இருக்கா வீட்ல?"

இருந்தது. மனைவியின் மேசை இழுப்பறையில், சிவப்புப் பேனாக்களோடு, பாதி தேய்ந்த ரப்பர் ஒன்று. அட்டையின் அடியில் தங்க நிறத்தில் பல் மாதிரி வரிசையாக இருக்கும். அதில் உப்புக் காற்றுப் பட்டு மங்கிப்போனால் மெஷினுக்குத் தன் ஞாபகம் எட்டாது. ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் மறுபடி பளிச்சென்று வரும். ஒரு பெரிய விஞ்ஞானத்துக்கு இவ்வளவு சின்ன வைத்தியமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

"எவ்வளவு நேரம் தேய்க்கணும்?" என்று கேட்டேன்.

"அது நேரமாகும்யா. தேய்ச்சுக்கிட்டே பேசுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தேய்த்தேன். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குக் கூச்சம் போய்விடும்போல. அவள் அம்மா செத்து நான்கு மாதமாக நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. அன்றைக்கு அவள் மீன்குழம்பு வைத்துக் கெட்டுப்போன கதையைச் சொன்னாள். அடுத்த வீட்டு நாயைச் சொன்னாள். பிறகு, "அம்மா இருந்தா இந்நேரம் ரப்பரத் திருப்பிக் கேட்டிருப்பா" என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்கும் வந்தது. முக்கால் மணி நேரம் பேசினோம். அட்டையைத் திருப்பிச் செருகியதும் டக்கென்று உட்கார்ந்தது. மெஷின் எழுந்துகொண்டது.

அடுத்தமுறை மூன்று தரம் கத்தியபோது எனக்கு வைத்தியம் தெரியும். ஐந்து நிமிட வேலை. ஆனாலும் போன் செய்தேன். "என்னமோ கத்துதுத்தா" என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல. அவள் முதலிலிருந்து சொன்னாள். பிளக், மூடி, கொக்கி, ரப்பர். நானும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டேன்.

சும்மா கூப்பிட்டுப் பேச வேண்டியதுதானே என்று கேட்கலாம். செய்து பார்த்திருக்கிறேன். "என்னய்யா ஆச்சு? ஒடம்புக்கு ஏதுமா?" என்று பதறுவாள். "ஒண்ணுமில்லத்தா, சும்மா" என்பேன். "மீட்டிங்ல இருக்கேன்யா, பெறகு கூப்பிடுறேன்" என்பாள். பிறகு என்பது சில நாளில் வரும், சில நாளில் வராது. அவளைக் குறை சொல்லவில்லை. காரணம் இல்லாமல் பேசுகிற பழக்கம் எங்கள் இருவருக்குமே கிடையாது. அதையெல்லாம் அவள் அம்மாதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்கிறேன். மேசை இருந்தது தெற்கு ஜன்னல் ஓரம். மெஷினுக்கு ஆகாது, ஜன்னலைச் சாத்தியே வையுங்கள் என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். கச்சான் பிடித்ததும் வீட்டின் மற்ற ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, அந்த ஒரு ஜன்னலை மட்டும் நான் திறந்து வைத்தேன். கச்சான் ஓய்ந்த பிறகும் அப்படியே விட்டேன். சிபியுவின் பக்கத்து மூடியையும் கழற்றி வைத்தேன். உப்பு நேராக உள்ளே போகட்டும் என்றுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்திய மெஷின் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கத்த ஆரம்பித்தது. மகள் கையால் பூட்டிய மெஷினை நானே உப்புக்குத் தின்னக் கொடுத்தேன். அதைத் துடைக்கிறபோதெல்லாம் மனது குத்தும். ஆனாலும் ஜன்னலைச் சாத்தவில்லை.

நடுவில் அவள் ஒரு காரியம் செய்தாள். பெங்களூரில் இருந்தபடியே என் திரையைத் திறந்து பார்க்கிற மென்பொருளைப் போட்டுவிட்டாள். பிரிண்டர் வேலை செய்யவில்லை, எழுத்துரு மாறிவிட்டது என்று நான் சொன்னால், "நீங்க ஒண்ணும் தொடாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்று போனை வைத்துவிடுவாள். திரையில் அம்புக்குறி தானாக நகரும். அங்கே போகும், இங்கே தட்டும், நாலு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். திறமையான தொழில்நுட்பம்தான், மறுக்கவில்லை. ஒருமுறை அந்த அம்பு வேலையை முடித்து நடுத்திரையில் கொஞ்சம் நின்றது. அவள் கைதானே அது என்று தோன்றியது. அவசரமாக ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, "சாப்பிட்டியாத்தா?" என்று அடித்தேன். தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று ஓரத்தில் அறிவிப்பு வந்தது. நான் அடித்தது அப்படியே கிடந்தது. நானே அழித்தேன்.

அந்த மென்பொருளுக்கு ஒரே ஒரு குறை. மெஷின் ஆன் ஆனால்தான் அது உள்ளே வர முடியும். மூன்று பீப்புக்கு அதனிடம் மருந்து இல்லை. அதனால் உப்பு மட்டும் என் பக்கம் நின்றது.

போன மாசியில் மகள் தன் அம்மாவின் திதிக்கு வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். படையல் முடிந்து, சாப்பிட்டு, அவளாகவே மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். உள்ளே போர்டு முழுக்கப் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து வீடு முழுக்க ஒரு சுற்று வந்தாள்.

"மத்த ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கு. இத மட்டும் ஏன்யா தெறந்து போட்டிருக்கீங்க?"

"காத்து வரணும்ல."

"மூடியையும் கழத்தி வச்சிருக்கீங்க."

"அதுக்கும் காத்து வேணும்ல" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

பத்து நாளில் கூரியரில் ஒரு லேப்டாப் வந்தது. அவளே பேசினாள். "நான் வச்சிருக்கதும் இதேதான்யா. உள்ள ஃபேன் கெடையாது, காத்து உள்ள போற ஓட்டையே கெடையாது. ராம் போர்டோட சேத்துப் பத்தவச்சே வரும். கழத்தவே முடியாது. இனிமே உங்களுக்கு ரப்பர் வேலை இல்ல."

நியாயமாகச் சொன்னால் அது அருமையான மெஷின். என் கருத்துகளில் பாதியை அதன் முன்னால் வாபஸ் வாங்க வேண்டியிருந்தது. சத்தம் இல்லை, சூடு இல்லை. காலையில் சார்ஜ் போட்டால் மறுநாள் வரை நிற்கிறது. மூடியைத் திறக்கும்போதே விழித்துக்கொண்டு நிற்கிறது. தேவையில்லாத நடை ஒன்றுகூட இல்லை. பழைய சிபியுவைத் துணி போட்டு மூடி அலமாரிக்கு அடியில் தள்ளினேன்.

வைகாசி வந்தது. கச்சான் பிடித்தது. பழக்கத்தில் ஜன்னலைத் திறந்தேன். மேசையெல்லாம் நறநறவென்று மணல். காலையில் துணியால் லேப்டாப்பைத் துடைத்துவிட்டு மூடியைத் திறப்பேன். விழித்துக்கொள்ளும். ஆனி போனது, ஆடி போனது. ஒரு நாள்கூட அது கத்தவில்லை. கத்துவதற்கு அதற்கு வாயே இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த மூன்று மாதத்தில் மகளோடு நான் பேசியது எல்லாம் சேர்த்தால் அட்டையில் ஒரு பக்கம் தேய்க்கிற நேரம் வராது. மனு அடிக்க யாராவது வந்தால், வேலை முடிந்த பிறகும் உட்கார வைத்துப் பேசினேன். அவர்களுக்கு வீட்டில் வேலை இருக்கும். எழுந்து போய்விடுவார்கள். வீட்டுக்குள் காற்றுச் சத்தம் மட்டும் இருக்கும். எனக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்த நாட்கள் உண்டு. அழுதும் இருக்கிறேன்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் அடித்தது. மகள்.

"அய்யா, வேலையா இருக்கீங்களா?"

"இல்லத்தா. என்ன?"

"என் கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குதுய்யா."

நான் ஈரக் கையோடு நின்றேன். எதிரே மேசையில் என்னுடையது திறந்து இருந்தது. அவளுடையதும் இதேதான். அதே கம்பெனி, அதே மாடல்.

"எப்படி ஆச்சு?" என்று கேட்டேன்.

"தெரியலய்யா. ஜன்னலத் தெறந்து போட்டிருந்தேன். அதனாலன்னு நெனைக்கிறேன்."

பெங்களூரில் கடல் எங்கே இருக்கிறது? நாற்காலியை இழுத்து ஜன்னல் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தேன்.

"கத்துச்சா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ம். மூணு தரம்."

"அப்ப ராம்தான். ஒண்ணும் பயமில்ல. பென்சில் ரப்பர் இருக்கா வீட்ல?"

"இருக்குய்யா. இப்பத்தான் கடைக்குப் போயி வாங்கியாந்தேன்." குரல் உடைந்திருந்தது. "எவ்வளவு நேரம் தேய்க்கணும்?"

"அது நேரமாகும்த்தா" என்றேன். "தேய்ச்சுக்கிட்டே பேசு."