துரையின் சப்பாத்தும் நாயின் பாசமும்

நாய்க்கு நன்றி உண்டு என்று யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னால், சிரிப்பை அடக்க நான் படாத பாடு படுவேன். அப்படிச் சொல்கிறவர்கள் நாயைக் கொஞ்சப் போகுமுன் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பார்க்கட்டும்.

எங்கள் கோட்டைக்குப்பத்தில் ஆண்கள் கடலுக்குப் போகும்போது எந்த நாயும் பூனையும் கலங்கி நின்று நான் கண்டதில்லை. கட்டுமரம் அலையைத் தாண்டுவதற்குள் நாய்கள் காயப்போட்ட வலையின் மேல் சுருண்டு படுத்துவிடும். பூனை போகிறவனை ஏறெடுத்தும் பார்க்காது. திரும்பி வரும்போது பார்க்க வேண்டுமே அதுகளின் உருக்கத்தை! தூரத்தில் எந்தக் கட்டுமரம் கனத்து வருகிறது என்று எங்கள் கண்ணில் படும் முன்பே எங்கள் வீட்டுப் பூனைக்குத் தெரிந்துவிடும். கனத்து வருவது பக்கத்து வீட்டுக்காரனுடையது என்றால் அன்றைக்கு அது பக்கத்து வீட்டுப் பூனை.

என் மாமியாருக்கு இது பொறுக்காது. "நம்ம வூட்டு சோத்த துன்னுட்டு அவன் கால்ல போய் உரசுது பாரு, மானங்கெட்டது" என்பாள்.

"மானம் இருந்தா அது பூனையா பொறந்திருக்குமா அத்தே? உம் புள்ளையா பொறந்திருக்கும்" என்பேன்.

அது மகனுக்குப் புகழ்ச்சியா, இல்லையா என்று யோசித்தபடியே அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவள் மகன், அதாவது என் வீட்டுக்காரர், கோட்டைப் படகுக்குத் தண்டல். அப்போது கோட்டை உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சு வெள்ளைக்காரர்கள், கையில் இருந்தது. அவர்களுடைய கப்பல்கள் கரைக்கு வராது. அலைக்கு அப்பால் ஆழத்தில் நிற்கும். ஆளையும் மூட்டையையும் கோட்டைப் படகுதான் ஏற்றி இறக்க வேண்டும். படகுக்குத் தலைவன் தண்டல். அந்தப் படகும் மணல்வரை வராது. முட்டளவு தண்ணீரில் நிறுத்தி, துரைமாரைத் தண்டல் தன் தோளில் உட்காரவைத்துத் தூக்கி வந்து உலர்ந்த மணலில் இறக்குவார். துரையின் காலில் இருக்கும் தோல் சப்பாத்து நனைந்துவிடக் கூடாது. எங்கள் ஆளின் இடுப்பு ஒடிந்தால் பரவாயில்லை. இதைத்தான் எங்கள் குப்பத்தில் பெரிய மரியாதையாக நினைத்தார்கள். என் மாமனார் தூக்கினார், அவருடைய நைனா தூக்கினார், இவரும் தூக்கினார். எப்போது இவர் தவறுவார், தோளைக் கொடுக்கலாம் என்று இவருடைய பங்காளி ஒருவன் வருஷக்கணக்காகக் காத்திருந்தான்.

கோட்டையில் கிடங்கைப் பார்த்துக்கொண்ட துரை ஒருவருக்கு ஒரு நாய் இருந்தது. வெள்ளை உடம்பு, பழுப்புக் காது, கண்ணை மூடித் தொங்கும் மயிர். அவர் இலங்கைக்குப் போக வேண்டி வந்தது. நாயை ஏற்ற மாட்டேன் என்று கப்பல்காரன் சொல்லிவிட்டான். துரை நாயைக் கொண்டுவந்து, கயிற்றை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு ஏதோ நீளமாகப் பேசினார். துபாசி அதைத் தமிழில் சொன்னான்.

"தொரை இல்லாம இது வாயில தண்ணி வுடாதாம். ஏங்கிப்பூடுமாம். நீ நல்லா பாத்துக்கணும். தொரை திரும்பி வரசொல்ல இது கரையில நின்னு அவர கண்டுக்கணும். மூஞ்ச திருப்பிக்கினா, நீ அத அடிச்ச, பட்டினி போட்டன்னு அர்த்தம். அப்பால படகு வேற ஆளுக்கு."

பங்காளி கொஞ்சம் தள்ளி நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

துரை நாயின் வாயோடு வாய் வைத்து முத்தம் கொடுத்தார். எங்கள் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். படகு கிளம்பியதும் நாய் ஊளையிட்டது பாருங்கள், துரை படகில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். நான் நாயின் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அது கடலைப் பார்க்கவே இல்லை. கோட்டையை நோக்கித் திரும்பிப் போய்க்கொண்டிருந்த சமையற்காரனைப் பார்த்துத்தான் ஊளையிட்டது.

வீட்டுக்கு வந்தபின் கஞ்சியை வைத்தோம். முகர்ந்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துவிட்டது.

"ஏங்குதுடி" என்று மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமே, இத்த எப்டி காப்பாத்துறது?" என்று என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார்.

நான் ஏரி மடவை மீனின் தலையொன்றைத் தணலில் போட்டு வாட்டினேன். வாசனை எழும்பியதும் ஏக்கம் எழுந்து வந்து என் மடியருகே உட்கார்ந்துகொண்டது. அன்றோடு அதற்குத் துரையும் இல்லை, இலங்கையும் இல்லை.

துரை அதற்கு வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. கருவாட்டில் வாய் வைக்கும்போதெல்லாம் "ச்சீ" என்று விரட்டினோம். நாளடைவில் "ச்சீ" என்றால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. கருவாட்டுக் குவியலில் புரண்டு, உப்பில் அதன் மயிர் சடை சடையாகத் திரிந்து, கொழுத்துப் போய், உலாந்தாக்கார நாய் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் கடைத்தெருவில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும் நேரம் அதற்குத் தெரியும். பனைமரங்களண்டை வந்து நிற்கும். என்னைக் கண்டதும் பாய்ந்து மார்பளவுக்குக் குதிக்கும். தலையிலிருக்கும் கூடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், இல்லையென்றால் கவிழ்ந்துவிடும்.

"உன்ன கண்டா அதுக்கு இன்னா ஆச பாருக்கா" என்பாள் கூட வருகிறவள்.

"என்ன கண்டு இல்லடி, கூடைய கண்டு" என்பேன்.

ஒருநாள் தோணிரேவில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினேன். கூடையே இல்லை. அன்றைக்கும் அப்படித்தான் குதித்தது. கூடை இல்லை என்பதுகூடத் தெரியாமல் குதிக்கிறதே, இதற்குப் புத்தி மட்டு என்று முடிவு செய்தேன்.

பிறகு ஒரு காலை, கோட்டையில் கொடி ஏறியது. கப்பல் தெரிந்தால் கொடி ஏற்றுவார்கள். துரை அதில்தான் வருகிறார் என்று துபாசி ஆள் அனுப்பினான். என் வீட்டுக்காரர் கோட்டைக்கு ஓடி, துரையின் வேலைக்காரனிடம் கெஞ்சி, அவருடைய பழைய அங்கி ஒன்றை வாங்கிவந்தார். நாய்க்கு ஞாபகம் வரட்டும் என்று எண்ணம். மணலில் விரித்தார். துரை வைத்த பெயரைச் சொல்லியும் கூப்பிட்டார். நாய் அங்கியைச் சுற்றி வந்தது, முகர்ந்தது, பின்னங்காலைத் தூக்கியது.

"போச்சுடா! மூணு தலமுறையா பாத்த தண்டல் வேலைக்கி மேல ஒண்ணுக்கு வுட்டுச்சே!" என்று மாமியார் ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார். அலையை முதுகில் வாங்கும் மனுஷன். ஒரு நாய்க்குப் பயந்து முகம் வெளுத்துவிட்டது.

"யோவ்" என்றேன். "தொரைய தோள்ல தூக்கிக்கினு வரசொல்ல உன் கை எங்க இருக்கும்?"

"எங்க இருக்கும்? அவரு வுழாம சப்பாத்த புடிச்சிக்கினு இருக்கும்."

"அப்பால இன்னா பேஜாரு?"

ஒரு கொட்டாங்குச்சியில் கருவாட்டுப் பானையின் அடியில் தங்கிய நீரை ஊற்றி, மடவைத் தலையொன்றை அதில் பிசைந்து அவரிடம் கொடுத்தேன்.

"நாத்தம் தெரிஞ்சிடாதா?"

"உன் படகு பலகை பூரா சொறா எண்ணெய பூசி வெச்சிருக்க. அதுல குந்திக்கினு வர்றவருக்கு இது ஒரு நாத்தமா?"

அவர் கொட்டாங்குச்சியை வாங்கி இடுப்புத் துணிக்குள் மறைத்துக்கொண்டு போனார். அன்று காலையிலிருந்து நான் நாய்க்கு ஒன்றும் போடவில்லை.

படகு திரும்பி வந்தபோது குப்பமே கரையில் இருந்தது. பங்காளி எல்லோருக்கும் முன்னால் நின்றான். துரை என் வீட்டுக்காரர் தோளில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் விரித்து நாயின் பெயரைச் சொல்லிக் கூவினார். நாய் என்னைப் பார்த்தது. மறுபடி கூவினார். நாய் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது. பங்காளியின் மீசை துடித்தது.

அப்போது காற்று எங்கள் பக்கம் திரும்பியது. நாயின் மூக்கு மெல்ல மேலே எழும்பியது. அதற்கப்புறம் கயிறு என் கையில் நிற்கவில்லை. துரையை இறக்குமுன்பே பாய்ந்து போய்ச் சப்பாத்தை நக்கியது, சப்பாத்தின் வெள்ளி வாரை நக்கியது, காலுறையைக் கடித்து இழுத்தது. நடுநடுவே என் வீட்டுக்காரர் கையையும் நக்கியது. துரை மணலில் மண்டியிட்டு அதைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

துபாசியும் மூக்கை உறிஞ்சினான். "தொரை இன்னா சொல்றாருன்னா, அவரு சம்சாரங்கூட இப்டி ஓடியாந்து அவர கட்டிக்கினது இல்லியாம்."

"இந்த நாத்தத்துக்கு எவ வருவா?" என்று மாமியார் முணுமுணுத்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

துரை தன் தோளிலிருந்த சிவப்புத் துணியை எடுத்து என் வீட்டுக்காரர் தலையில் கட்டினார். படகு அவருடையதுதான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி துபாசி சொன்னான். பங்காளி வலையைப் பார்க்கப் போகிறேன் என்று நழுவிவிட்டான். எனக்கு அப்போது இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. கடல் கடந்து வந்து எங்களை மேய்க்கிற ஆளைக் கொட்டாங்குச்சித் தண்ணீரில் அழவைத்துவிட்டேனே!

அந்தக் கர்வம் துரை அடுத்த வார்த்தை பேசும்வரைதான். துபாசி சொன்னான்:

"இவ்ளோ பாசமா கீற நாய இனிமே பிரியவே மாட்டாராம். வர்ற கப்பல்ல அவரு ஊருக்கே போறாரு. இத்தயும் இட்டுக்கினு போறாராம்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு. ஒரு வாய் மிச்சம்" என்றேன்.

கப்பல் வந்தது. அந்தக் கப்பல்காரன் நாய்க்கு இடம் கொடுக்கச் சம்மதித்திருந்தான். துரை கோட்டையிலிருந்து நாயை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தார். புதுச் சப்பாத்து, கண்ணாடிபோலப் பளபளத்தது. நாய் என்னைக் கண்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் படுத்துவிட்டது. துரை கூப்பிட்டார். வரவில்லை. இழுத்தார். மணலில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. துரையின் முகம் மாறியது. துபாசியிடம் என்னவோ கேட்டார். துபாசி என் வீட்டுக்காரரின் சிவப்புத் தலைப்பாகையைப் பார்த்தான். எங்கிருந்தோ பங்காளியும் வந்து நின்றுவிட்டான்.

"ஏமே..." என்றார் என் வீட்டுக்காரர்.

வேறு யார் இருக்கிறார்கள் இந்த ஊரில், என்னைத் தவிர? கூடையிலிருந்து ஒரு மடவைத் தலையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். வழியனுப்பப் போகிறவள்போலத் தண்ணீரில் இறங்கிப் படகண்டை போனேன். நாய் என் பின்னாலேயே நீந்தி வந்தது. துரை உட்காரப்போகும் பலகைக்கு அடியில் தலையைப் போட்டேன். நாய் ஒரே தாவலில் படகில் ஏறிவிட்டது.

"பாத்தீங்களா, தொரைக்கு மின்னாடியே ஏறி குந்திக்கிச்சு!" என்று துபாசி கை தட்டினான். துரை மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டென்று அழுகிற ஜாதி அது.

நான் திரும்பிப் பார்க்காமல் கரையேறினேன். கருவாடு புரட்ட வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் பொழுது சாயத் திரும்பினார். பூனை ஓடிவந்து அவர் கையை முகர்ந்தது. ஒன்றுமில்லை என்றதும் போய்விட்டது. அவர் தலைப்பாகையை அவிழ்த்து மடித்துக்கொண்டே சொன்னார்:

"அலைய தாண்டுற வரிக்கும் கம்மனுதான் இருந்துச்சுமே. அப்பால கரைய பாத்து ஒரே ஊளை. கப்பல்ல ஏத்தியும் நிறுத்தல."

"மீன் தலை தீந்து பூட்டிருக்கும்" என்றேன்.

"நம்ம குப்பத்த பாத்துதாம்மே..."

"தீந்து பூட்டிருக்கும்னு சொல்றேன் இல்ல? போய் கால கழுவு."

மறுநாள் மீன் சீக்கிரம் விற்றுவிட்டது. பனைமரங்களண்டை வந்ததும் இரண்டு கையையும் தூக்கித் தலையிலிருந்த கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கூட வந்தவள் ஒருமாதிரியாகப் பார்த்தாள். கூடையில் ஒன்றுமே இல்லை. எனக்கும் புத்தி மட்டுதான்.