எதிர்த்துப் பேச ஒரு பீரியட்

வீட்டில் பிள்ளை எதிர்த்துப் பேசினால் திட்டு விழும். பள்ளியில் எதிர்த்துப் பேசச் சொல்லிக்கொடுப்பதே என் வேலை. திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் நான். விவாதப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதும் என் தலையில். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட சக ஆசிரியர்களே, பெற்றோர்களே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

கணக்கு டீச்சரின் கண்

எங்கள் பயிற்சி வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில். போன வருஷப் போட்டியில் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினோம். அன்று முதல் கணக்கு டீச்சருக்கு அந்தப் பீரியட் மேல் ஒரு கண். எனக்கோ வாரத்திலேயே உயிருள்ள நேரம் அதுதான், பறிபோனால் தாங்காது. தலைமையாசிரியையிடம் நயமாகப் பேசிப் பார்த்தேன். அவர் நோட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்:

"என்கிட்ட பேசி என்ன சார் செய்ய? அங்க போயி ஒரு சுத்தாவது ஜெயிச்சுட்டு வாங்க. இல்லாட்டி பீரியடு கணக்குக்குத்தான்."

வேணும், வேணாம்

இந்தப் போட்டி பட்டிமன்றம் போல அல்ல. தலைப்பை முன்பே தந்துவிடுவார்கள். எந்தப் பக்கம் பேசுவது என்பது மேடை ஏறக் கால் மணி இருக்கும்போது சீட்டுக் குலுக்கலில்தான் தெரியும். ஆகவே இரண்டு பக்கமும் பேசிப் பழக வேண்டும். இந்த வருஷத் தலைப்பு, 'பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரத் தூக்கம் தேவை.' எங்கள் அணியில் இரண்டு பேர்: எட்டாம் வகுப்பு செல்வின், ஏழாம் வகுப்பு காவ்யா.

கீழக்குயில்குடியிலிருந்து வரும் காவ்யா வீட்டிலும் விடாமல் பழகியிருக்கிறாள். ஒரு திங்கட்கிழமை, சரக்கு ஆட்டோ ஓட்டும் அவள் அப்பா கண் சிவக்க வந்து நின்றார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கெழம செத்த படுத்தா, தூங்குனாத்தேன் உடம்புக்கு நல்லதுங்குறா. சரின்னு கண்ண மூடுனா, எந்திரிங்கப்பா, சோம்பேறியாப் போயிருவீங்கங்குறா. ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணி அனுப்பிவிடுங்க சார்!"

இளகிய மனசு

செல்வினுக்கு வேறு வியாதி. குரல் கணீரென்று இருக்கும். எதிராளி நன்றாகப் பேசிவிட்டாலோ மனசு இளகிவிடும். ஒரு பயிற்சியில் மறுத்துப் பேச எழுந்தவன், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். செல்வின் எதைச் சொன்னாலும் காவ்யா அதில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும். அவன் அடைக்க வேண்டும். கரும்பு தின்னக் கூலியா? காவ்யா வாராவாரம் அவனை வெளுத்து வாங்கினாள். ஒரு நாள் ஓட்டையை அடைத்துக் களைத்தவன் என்னிடம் திரும்பிக் கேட்டான்:

"சரியாப் பேசுனவங்கள எதுக்கு சார் மறுத்துப் பேசணும்?"

உசிலம்பட்டியில்

போட்டி உசிலம்பட்டியில். சீட்டில் எங்களுக்குத் 'தூக்கம் தேவை' விழுந்தது. செல்வின் அருமையாகப் பேசி உட்கார்ந்தான். காவ்யா எழுந்தாள். "முன்னால் பேசியவர், தூங்கி எழுந்தால் பாடம் ஏறும் என்றார். தூங்கி எழுந்தவன் புத்தகத்தையா தேடுவான்? செருப்பைத் தேடுவான். அது கிடைப்பதற்குள் பள்ளி விட்டுவிடும்!"

பழக்க தோஷம்! சொந்த அணியையே வெளுக்கிறாள். எதிரணி கைதட்டியது. செல்வினும் வழக்கம்போல ஓட்டையை அடைக்க எழப்போனான். என் பீரியட் கணக்கு டீச்சர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே நினைத்தேன்.

காவ்யா என்னைப் பார்த்தாள், நாக்கைக் கடித்தாள். பிறகு எதிரணியின் பக்கம் திரும்பி, "இதைத்தானே நீங்கள் சொல்லப்போகிறீர்கள்? இப்போது என் பதிலைக் கேளுங்கள்" என்றாள். தான் போட்ட ஓட்டைகளைத் தானே ஒவ்வொன்றாக அடைத்தாள். எதிரணிப் பெண் தன் தாளில் வரிவரியாக அடித்துக்கொண்டே வந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. வெற்றியை அறிவித்த நடுவர் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்:

"எதிரணிக்குன்னு ஒண்ணாவது மிச்சம் வச்சிருக்கலாம்ல தாயி!"

அறைக்குள் ஒரு சுற்று

இரண்டாம் சுற்றில் தோற்றோம். திங்கட்கிழமை இருவரையும் தலைமையாசிரியை அறைக்கு அழைத்துப்போனேன். "ஒரு சுத்துதான ஜெயிச்சீங்க, பாதிப் பீரியட கணக்குக்குக் குடுத்தா என்ன?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டார். அவ்வளவுதான். காவ்யா இரண்டு பக்கமும் பேசினாள். பத்து நிமிடம். பக்கத்தில் நின்ற கணக்கு டீச்சரே தலையாட்டிவிட்டார். தலைமையாசிரியை இரண்டு கையையும் தூக்கினார்:

"பீரியடு முழுசா உங்களுக்கே சார். இந்தப் பிள்ளைய மட்டும் ஸ்டாஃப் மீட்டிங் பக்கம் கூட்டிட்டு வந்துராதீங்க!"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிவைத்தவர்கள், அந்த வாயைத் திறந்துவிட்ட வாத்தியார் எப்படிப் பிழைப்பது என்று சொல்லாமலே போய்விட்டார்கள்.