மணியம் எண்ணிய ஏழு இழை

வயரிங் வேலை ஒழுங்காக இருக்கிற வரைக்கும் ஒரு பயலுக்கும் நம் ஞாபகம் வராது. விளக்கு அணைந்தால்தான் ஆள் அனுப்பித் தேடுவார்கள். இந்தத் தொழிலில் வதைபடுகிற உங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சுலபமான பாடம்

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத் தோட்டங்களில் லயத்து வரிசை வீட்டை விட்டு வெளியேறிச் சொந்த வீடு கட்டுகிறவர்கள் பெருகிய நேரம். நாம் வயரிங் முடித்துத் திரும்பியதும் தாங்களே ஒரு வயரை இழுத்துக்கொள்வார்கள். திட்டிப் பார்த்தேன், கேட்டால்தானே! கடைசியில், "வயர் நுனியைச் சீவி உள்ளே இருக்கிற செம்பு இழையை எண்ணு. மூணு இருந்தா விளக்குக்கு, ஏழு இருந்தா ப்ளக்குக்கு" என்று சொல்லி வைத்தேன். அப்போது வந்த வயர் அப்படித்தான் இருந்தது. எனக்கும் பெருமை, பெரிய வாத்தியார் மாதிரி.

தோட்டத்து லோரி டிரைவர் மணியம் பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் பலகை வீடு கட்டினான். முன்பக்கத்து வயரிங் நான் செய்தது. பிறகு பின்னால் சமையலறை போட்டு, மனைவி லெட்சுமி இஸ்திரி போட அங்கே ப்ளக் வைக்கப்போவதாகச் சொன்னான். தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டுத் துணியெல்லாம் இஸ்திரிக்கு அவளிடம்தான் வரும். மூணு விளக்கு, ஏழு ப்ளக் என்று அவன் விரல் மடக்கிப் பாடம் பண்ணியதைப் பார்த்து லெட்சுமி சிரித்தாள்: "விடுங்கண்ணே, அவருக்கு ஏழு வரைக்கும் நல்லா எண்ண வரும். அதுக்கு மேலதான் தகராறு."

புது வயர்

கொஞ்ச காலத்தில் கடைக்கு மில்லிமீட்டர் அளவு வயர் வந்தது. விளக்குக்குப் போடுகிற ஒன்றரை மில்லிமீட்டர் வயரைச் சீவிப் பார்த்தேன். அதிலும் ஏழு இழை! ஒவ்வொன்றும் நூல் மாதிரி. ப்ளக்கில் இழுக்கிற கரண்ட்டை அது தாங்காது. எனக்குத் தொட்டதுமே தெரிந்தது, தெரியாதவன் என்ன செய்வான்? கடை முதலாளி, சீனத் தவுக்கேயிடம் கேட்டேன். அவர் கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார்: "சைஸ் சொல்லிக் கேட்டா சைஸ் கொடுப்பேன். ஏழு இழைன்னு கேட்டா ஏழு இழை கொடுப்பேன் லா."

கம்ப்யூட்டர் வகுப்பு

இனிமேல் எல்லாமே கம்ப்யூட்டர் என்றார்கள். நானும் சனிக்கிழமை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். தேவி டீச்சருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதச் சொன்னாள். எனக்குத் தெரிந்ததை எழுதினேன்: இழை ஏழு என்றால் 'ப்ளக்', இல்லையென்றால் 'விளக்கு'. சட்டைப் பையிலிருந்து பழைய வயர், புது வயர் இரண்டிலும் ஒரு துண்டு எடுத்து அவளிடம் காட்டினேன். அவள் மெல்லிசான புது வயரை எண்ணி ஏழு என்று தட்டினாள். திரையில் 'ப்ளக்' என்று வந்தது. மணியமும் இப்படித்தானே எண்ணுவான்!

"நான் அந்த அர்த்தத்துல எழுதல டீச்சர்" என்றேன். "நீங்க மனசுல நினைச்சது அதுக்குத் தெரியாது சார். சொன்னதைத்தான் செய்யும்."

தீபாவளிக்கு முதல் நாள்

ஞாயிற்றுக்கிழமை போய் மணியத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு கோயில் கூட்டம். அடுத்த ஞாயிறு மழை. அப்புறம் தீபாவளி நெருக்கத்து வேலை. இப்படியே நாள் போய்விட்டது.

பண்டிகைக்கு முதல் நாள் பகலில் மணியம் வீட்டுச் சமையலறையில் லெட்சுமியும் நாத்தனாரும் ஆளுக்கொரு இஸ்திரிப் பெட்டி போட்டிருக்கிறார்கள். கெட்டில், கரண்ட் சோற்றுப் பானை எல்லாம் மணியம் ஏழு இழை எண்ணிப் போட்ட அந்த ஒரே புது வயரில். ப்ளக் லைன் ஆயிற்றே என்று மணியம் பெரிய பியூஸ் வைத்திருந்தான். அதனால் அதுவும் அறுந்து கரண்டை நிறுத்தவில்லை. வயர் சூடேறி, பலகையில் தீப்பிடித்து, மடித்து வைத்த துணியிலும் ஏறிவிட்டது. நான் போனபோது கரிதான் மிச்சம். லெட்சுமி இல்லை. பக்கத்து வீட்டம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதார்: "வெளிய வந்துட்டா லா அவ. அடுத்தவங்க துணியாச்சேன்னு திரும்ப உள்ள போனா."

பதினாறாம் நாள்

கருமாதி முடிந்ததும் மணியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணே, எண்ணித்தான் போட்டேன். எங்கயோ தப்பா எண்ணிட்டேன் போல. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்." பேசாமல் வந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சத்தியமாக அந்த நினைப்பு எனக்கு வந்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன்.

"நீ சரியாத்தான் எண்ணினே மணியம். வயர் மாறிப்போச்சு. எனக்குத் தெரியும், வந்து சொல்லல."

அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்: "அப்ப நான் தப்பா எண்ணலையா அண்ணே? பதினாறு நாளா கண்ணை மூடினா எண்ணிக்கிட்டே இருக்கேனே!"

ஊர் முழுக்க வயர் இழுத்துக்கொடுத்த பெரிய வயரிங்காரனான எனக்கு, மோட்டார் சைக்கிளில் இருபது நிமிஷம் போய் "நான் சொன்னது இனி ஆகாது" என்று சொல்ல மட்டும் நேரம் கிடைக்காமல் போயிற்று.