கப்பலிலிருந்து குதித்தவர்கள்

வீடியோ கேம் பிள்ளைகளின் மனதைக் கல்லாக்கிவிடும் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குப் பொறுக்காது. குறுக்கே புகுந்துவிடுவேன். நான் ஆறாவது படித்தபோது, காரைக்காலில், உள்ளங்கையளவு மிஷின் ஒன்று என்னை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மறுவேலை.

அதைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். எங்கள் தெருவில் அப்படிப் பல பேர் இருந்ததால் அவர் லீவில் வருவது அதிசயமில்லை. சென்ட்டும் சாக்லேட்டும்கூட அதிசயமில்லை. மிஷின்தான் அதிசயம். சின்னக் கண்ணாடிக்குள் மேலே எரிகிற கப்பல். அதிலிருந்து கறுப்புக் கறுப்பாக ஆட்கள் குதிப்பார்கள். கீழே ஒரு படகு. இரண்டு பொத்தான்களால் படகை இடமும் வலமும் நகர்த்தி, விழுகிறவர்களைத் தாங்க வேண்டும். ஆளுக்கு ஒரு பாயிண்ட். மூன்று பேர் தண்ணீரில் விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

மிஷின் ஒன்று, அதற்கு அடித்துக்கொள்ள நானும் அத்தை மகனும். தான் திரும்பிப் போகும் நாளன்று ஆளுக்கு ஓர் ஆட்டம், அதிகம் எடுத்தவர்களுக்கே மிஷின் என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மாமா மிஷினு? கோலப்பொடி டப்பா வாங்கிக் குடுங்க" என்றான் அத்தை மகன்.

அதற்காகவே ஜெயிப்பது என்று முடிவு கட்டினேன். என்னிடம் ஒரு சூட்சுமம் இருந்தது. மூன்று பேர் ஒன்றாகக் குதித்தால், மூவரையும் பிடிக்கப் பாய்ந்துதான் அவன் தோற்பான். நான் தூரத்து ஆளைக் கண்டுகொள்ளவே மாட்டேன். பக்கத்து இரண்டு பேரைத் தாங்கிவிட்டு அடுத்த ஆளுக்குத் தயாராகிவிடுவேன். இரண்டு பேர் வரைக்கும் போகலாம் என்று மிஷினே சொல்லும்போது நமக்கென்ன வந்தது?

அந்த நாள் காலையில் அவன் முதலில் ஆடி முடித்தான். நான் வழக்கமாக எடுப்பதைவிடக் குறைவுதான். தெம்பாக வாங்கி உட்கார்ந்தேன். அப்போது மீன்காரம்மா வந்து கூடையை இறக்கினார். அம்மா சங்கராவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்க, கூடவே வந்திருந்த மீன்காரம்மாவின் மகள் என் பக்கத்தில் வந்து குந்தினாள். என் வயசுதான். மிஷினை எட்டிப் பார்த்தாள்.

முதல் கூட்டம் குதித்தது. கணக்குப்படி ஓர் ஆளை விட்டேன்.

"ஏ, ஒரு ஆளு உழுந்துட்டான்!"

"தெரியும்."

"தெரிஞ்சா எடு."

"எடுக்க முடியாது. தள்ளிக்க, மறைக்காத."

"அப்ப நிறுத்து. எங்கூர்ல ஒரு ஆளு கடல்ல போயிட்டா எந்தப் படகும் தொழிலுக்குப் போவாது. கெடைக்கிற வரைக்கும் எல்லாரும் தேடத்தான் போவாங்க. நீ என்னடான்னா அடுத்தவனப் புடிச்சிக்கிட்டு இருக்க!"

"சும்மா இருடி, அது பொம்மடி" என்றார் மீன்காரம்மா.

அவள் குரலைத் தணித்துக்கொண்டு என் காதருகில் கேட்டாள்: "அவனுக்கு வூட்ல யாரு இருக்கா?"

பாயிண்ட் ஏறிக்கொண்டிருந்தது. அத்தை மகனை எட்டிப் பிடிக்க இன்னும் நாலைந்து பேர்தான் பாக்கி. அவன் முகம் சுண்டிப்போயிருந்தது.

அப்போது மறுபடி மூன்று பேர் குதித்தார்கள். இரண்டு பேர் இடது பக்கம், படகுக்குப் பக்கத்திலேயே. ஒருவன் மட்டும் வலது கோடியில். விட வேண்டிய ஆள் யார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் என் விரல் வலது பொத்தானை அமுக்கியது. விடாமல் அமுக்கியது. படகு தத்தித் தத்திப் போய் அந்த ஒருவனைத் தாங்கிக்கொண்டது. இந்தப் பக்கம் இரண்டு பேரும் தண்ணீரில். மிஷின் கீச்சென்று கத்திவிட்டு அடங்கிப்போனது.

எனக்கு நியாயம் சொன்னவளாவது என் பக்கம் நிற்க வேண்டாமா? "ரெண்டு பேர உட்டுட்டியே பாவி!" என்று அவளும் எழுந்து போய்விட்டாள்.

அத்தை மகன் குதித்தான். "என்னடி, கையி நடுங்கிடுச்சா?"

சித்தப்பா மட்டும் மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "கிட்டத்துல ரெண்டு பேரு இருக்கறப்ப அங்க ஏம்மா போன?"

"தெரியல சித்தப்பா."

நிஜமாகவே தெரியவில்லை. அவள் கண் பட்டதால்தான் விரல் பிசகியது என்று அம்மாவிடம் அழுதேன். அவர்களிடம் இனிமேல் மீன் வாங்கக் கூடாது என்றேன். அம்மா சங்கராவைக் கழுவிக்கொண்டே சிரித்தாள்.

சாயந்தரம் சித்தப்பா பஸ் ஏறிப் போனார். அத்தை மகன் கூடத்தில் கால் மேல் கால் போட்டு ஆடிக்கொண்டிருந்தான். ஆள் தண்ணீரில் விழும்போதெல்லாம் மிஷின் கீச்சிடும். சமையல்கட்டில் இருந்த நான் ஒவ்வொரு கீச்சுக்கும் 'ஒரு ஆளு போயிட்டான்' என்று எண்ணிக்கொண்டிருந்தேன். காதைப் பொத்திக்கொண்டாலும் அடங்கவில்லை. மிஷின் கிடைக்காத பொறாமை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டு, சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன்.