வாமதேவனும் வால் முளைத்த சிவப்புப் புள்ளியும்

வாமதேவனுக்குச் சனிக்கிழமை காலை என்றால் லண்டன் ஸ்ட்ரெதமில் உள்ள துவக்குச் சுடும் கிளப். துவக்கு என்றதும் பதற வேண்டாம். காற்றழுத்தத்தில் சுடுகிற பிஸ்ரல், எதிரே ஒரு கடதாசி அட்டை, அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் நோர்பரிப் பக்கம் பஸ் ஓட்டி முதுகும் பொறுமையும் தேய்ந்துபோன மனிசன் அவர். "ஊரில துவக்குக்குப் பயந்து ஓடி வந்திட்டு, இஞ்ச துவக்கு வாங்கி விளையாடுறார்" என்று மனைவி நகுலேஸ்வரி கோயிலில் காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவருக்குக் கோபிக்கவும் அலுப்பு. கிளப்பில் யாரும் மணி அடித்து இறங்குவதில்லை, அதற்காகவே போய்வந்தார்.

கொஞ்சக் காலமாகப் பிஸ்ரலின் நுனியில் உள்ள குறி அவருக்கு மங்கலாகத் தெரிந்தது. "வயசுக்கு உது வழமைதானே. குறிபார்க்கச் சிவப்புப் புள்ளிச் சைற் ஒண்டு பூட்டும்" என்றார் கிளப்பில் கூடச் சுடும் ஞானேஸ்வரன். கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அதை இலக்கில் வைத்தால் போதுமாம். சொல்ல நல்லாய்த்தான் இருந்தது. முதலில் வாங்கியதன் பிடி அகலம், இவருடைய பிஸ்ரலின் முதுகில் அதைப் பூட்டுகிற பள்ளமோ ஒடுக்கம். ஒடுங்கிய பிடி தேடி வாங்கிப் பூட்டினால், புள்ளி வட்டமாக நிற்காமல் வால் முளைத்துக் கீறலாக நின்றது. திருப்பி அனுப்பினார். அடுத்தது குழாய்போல மூடின சைற். அதிலும் வால், போதாததற்குப் பாரம் வேறு. கடைசியாகத் திறந்த சைற் ஒன்று வாங்கிப் பூட்டி வைத்தார். அதற்குள்ளேயே வெறுத்துப்போனதால் அதனூடாக இன்னும் பார்க்கவில்லை.

இவ்வளவு மினக்கெட்டதற்குக் காரணம் இருந்தது. பஸ் லைசென்சுக்கு அடுத்த மாதம் கண் சோதனை. பிழை சைற்றில் என்றால் தப்பினார். கண்ணில் என்றால் பஸ் போய்விடும். பஸ்ஸை விட்டால் அவருக்கு வேறு என்ன தெரியும்? அதனால் பிழை சைற்றில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

ஆயுத பூசையன்று ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால், சாமியறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால், மகளின் லாப்டொப்புக்குப் பக்கத்தில், அவருடைய பிஸ்ரல். சைற் கண்ணாடியின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"உமக்கென்ன விசரே? கண்ணாடியில ஆரும் பொட்டு வைப்பினமே?"

"ஆயுத பூசைக்கு ஆயுதத்தை வைக்காமல் வேற என்னத்தை வைக்கிறது? நாளைக்கு விஜயதசமி, அப்ப எடுங்கோ!"

மறுநாள் எடுத்துச் சுவரை நோக்கி நீட்டினார். அதே வால். ஆனால் அன்று அவருக்குச் சந்தோசம் பொங்கியது. குங்குமம்! எல்லாம் இவள் அப்பின குங்குமம்! வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே, பஞ்சுக் குச்சியால் மூலைமுடுக்கெல்லாம் துடைத்தார். பாவம், எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு களை வந்திருந்தது.

துடைத்துவிட்டுப் பார்த்தார். வால் போகவில்லை. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தார். அப்போதும் இருந்தது.

"இஞ்ச வாரும். இதுக்குள்ளால ஒருக்காப் பாரும். குண்டு இல்லை, பயப்பிடாதையும்."

நகுலேஸ்வரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "வடிவா இருக்கே."

"என்னமாதிரி இருக்கு எண்டு சொல்லும்."

"வட்டமா, சின்னனா. ஏன், உங்களுக்கு எப்பிடித் தெரியுது?"

அவர் கதிரையில் இருந்துவிட்டார். வாலைப் பற்றிச் சொன்னார். எதிரே வரும் கார்களின் லைற்றும் அப்படித்தான் சிதறுகிறது என்பதையும், ஒளிக்க இனித் தெம்பில்லாமல், சொல்லிவிட்டார்.

"எப்ப தொடக்கம்?"

"போன மாரிக் குளிரில இருந்து."

அவள் பிஸ்ரலை மெல்ல மேசையில் வைத்தாள். "சனத்தையும் ஏத்திக்கொண்டோ?"

அவர் எழும்பி பஸ் டிப்போவுக்குப் போன் எடுத்தார். நாளைக்கு வரமாட்டேன் என்றார். உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்டார்கள். காய்ச்சல் என்று சொல்ல வாய் உன்னியது.

"கண்" என்றார்.