லிப் வரட்டும்

காடியின் முன் பம்பருக்கு அடியில், தரையை ஒட்டிக் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே ஒரு தகடு, அதற்கு எங்கள் பக்கத்துக் கடைகளில் லிப் என்று பெயர். என் வீட்டுக்காரர் ஸ்பிளிட்டர் என்பார். லிப் வேறு, ஸ்பிளிட்டர் வேறு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உதடோ பல்லோ, பொங்கோலில் இடித்தால் இரண்டும் உடையத்தானே போகிறது என்றேன். தாமான் என்கிற எங்கள் குடியிருப்பில் தெருவுக்கு மூன்று பொங்கோல். வேகத்தைக் குறைக்க ரோட்டில் போட்டு வைத்திருக்கும் அந்த மேடுகளுக்கு நடுவே குடியிருந்துகொண்டு, தரையைத் தொடுகிற காடி வைத்திருப்பவரிடம் வேறென்ன சொல்வது?

எங்கள் வீடு புக்கிட் காத்திலில். அவர் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் ஒரு பேரங்காடியில் கல்லாவில் இருக்கிறேன், இருபது வருஷமாக. காடி சிவப்பு நிறம், இரண்டே கதவு, மேனுவல் கியர். ஐம்பது வயதுக்காரர் பழைய காடியாகப் பார்த்து வாங்கி, சனி ஞாயிறுகளில் அதன் அடியில் படுத்துக் கிடந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தில்தான் காடி என்று நான் சொன்னதில்லை, தாமான் சொன்னது. தாமானுக்கு வாயை மூட முடியுமா?

பழைய லிப்பை நான்தான் உடைத்தேன். மழையில் பொங்கோல் தெரியவில்லை. அவர் ஒன்றும் திட்டவில்லை. உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பம்பருக்கு அடியில் வரிசையாகத் தெரிந்த ஆணி ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

அது நடந்து இரண்டு மாதம் கழித்து அவர் காலில் வினை வந்தது. அவருக்குப் பதினைந்து வருஷமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. புது சேஃப்டி ஷூவின் தையல் இடது பாதத்தின் சுண்டுவிரலை உராய்ந்து புண்ணாக்கியிருக்கிறது. அவருக்கு வலிக்கவே இல்லை. காலுறையில் ஈரம் என்று கழற்றிப் பார்த்த அன்று விரல் கறுத்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். மலாய்க்கார டாக்டரம்மா, நிதானமான பெண், படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டும். சில நாட்களுக்குள் எடுத்தால் முட்டி தப்பும்.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கிளட்ச் மிதிக்க முடியுமா? டாக்டரம்மா முதலில் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: முட்டி இருந்தால் செயற்கைக் காலை மாட்டிப் பழகிப் பழகி மிதித்துவிடலாம், அப்படி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முட்டி போனால் கஷ்டம்.

இதைக் கேட்ட மனிதர் அன்றைக்கே சம்மதித்திருக்க வேண்டாமா? என் பொறுப்பில் போகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பை மாத்திரையோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலா காடியா என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்து ஓய்ந்தது.

பிறகு சொன்னார், "லிப் வரட்டும்மா. மாட்டிட்டு, சொந்தக் காலால ஜாசின் வரைக்கும் ஒரே ஒரு ரவுண்டு. அப்புறம் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்."

ஸ்பிளிட்டர் என்று சொல்லவில்லை. லிப் என்றே சொன்னார். ஜாசின் போகும் வழியில் இருக்கும் தோட்டத்தில்தான் அவர் பிறந்தார். இப்போது அங்கே செம்பனையைத் தவிர ஒன்றும் இல்லை. வளைந்து வளைந்து போகிற அந்த ரோட்டில் ஓட்டத்தான் இந்தக் காடியையே வாங்கினார். லிப் இல்லாத காடியோடு ஏன் ஒரு ரவுண்டு போகக்கூடாது என்று கேட்டேன். மாட்டேன் என்றார். பிடிவாதத்தில் அவருக்கு நான் இளைத்தவள் இல்லை. ஆனால் அந்தக் காலில் கட்டைப் பார்த்தபிறகு எதிர்த்து நிற்கத் தெம்பு இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அதே காடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் கடையில் கார்பன் வைத்திருந்தார்கள். விலையைக் கேட்டு, நன்றி சொல்லி, வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் ஃபைபர். மலிவு. அவருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன், விரலால் தட்டச் சொன்னார். தட்டினேன். ஒரே பொங்கோல், பட்டுன்னு போயிடும், வெச்சுட்டு வா என்றார். மூன்றாவது கடையில் ரப்பர் பட்டை, சுருளாகச் சுற்றி மீட்டர் கணக்கில் விற்கிறார்கள், எல்லாக் காடிக்கும் ஒட்டுமாம். அதைப் பார்த்ததும், அது லிப் இல்லம்மா, செருப்பு வார் என்றார். கட்டுப் போட்ட காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு அவர் அப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரன் முன்னால் அழுதுவிடுவேனோ என்றும் இருந்தது.

பாயா ரும்புட்டில்தான் சரியானது கிடைத்தது. கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், நம் ஆள். பியூ என்று ஒரு கறுப்புச் சாமானை எடுத்து வந்தார். வளைத்தால் வளைகிறது, விட்டால் நிமிர்கிறது. பம்பருக்கு அடியில் பிடித்துக் காட்டினார், பழைய ஓட்டைகள் ஒன்று தவறாமல் பொருந்தின. தரைக்கும் அதற்கும் நடுவே என் கையை வைத்துப் பார்த்தேன். பழையதைவிட மூன்று விரல் உயரம் கூட இருந்தது. பொங்கோலில் மெதுவாக ஏறினால் தப்பும்.

"ஒரு மணி நேரம் போதும்க்கா, இப்பவே மாட்டிக் கொடுத்துடறேன் லா," என்றார்.

விலை நானூற்றைம்பது வெள்ளி, பேரம் பேசியபிறகு. கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் காடியில் வந்து உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தேன். அதே சாமான், அதே படம், ஆன்லைனில் இருநூற்றெழுபது. ஏழு நாளில் வீட்டுக்கு வந்துவிடும்.

கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து என் புத்தி அப்படி ஆகிவிட்டது. என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அவருக்குச் சம்பளம் இல்லாத லீவு தொடங்கப் போகிறது, செயற்கைக் காலுக்குக் காசு வேண்டும், நூற்றெண்பது வெள்ளியைச் சும்மா யார் கொடுப்பார்கள்? டாக்டரம்மா சில நாட்கள் என்றுதானே சொன்னார். ஏழும் சில நாட்கள்தானே என்று கணக்குப் போட்டேன். கடை வாசலிலேயே ஆர்டர் போட்டேன்.

வீட்டுக்கு வந்து, பாயா ரும்புட் கடையில் ஸ்டாக் இல்லையாம், சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். அவர் முகம் லேசாகத் தெளிந்தது. அவர் பயப்படுகிறார், அவருக்கும் ஒரு வாரம் கிடைக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்று பின்னாளில் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். நான் நினைத்தது நூற்றெண்பது வெள்ளியைத்தான்.

அந்த வாரம் தினமும் கிளினிக்கில் கட்டு மாற்றினோம். நான்காம் நாள் நர்ஸ் மூக்குக்கு முகமூடி போட்டுக்கொண்டார். ஐந்தாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். நான் அவரிடம் வந்து, லிப் கிடக்கட்டும், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாருங்கள் என்றேன். "பேச்சுன்னா பேச்சு," என்றார். கைப்பேசியைத் திறந்து பார்த்தால் பார்சல் எங்கேயோ ஒரு கிடங்கில் நகராமல் கிடந்தது. நடுவில் பொது விடுமுறை வேறு. ஆறாம் நாள் பாயா ரும்புட் கடைக்கே போய் அதை வாங்கி மாட்டிவிடலாம் என்று சாவியைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டு, ஒன்றுக்குக் காசு கட்டியாயிற்றே, ஒரு காடிக்கு இரண்டு லிப் எதற்கு என்று சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். அந்த ஆணியை இப்போது பார்த்தாலும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

எட்டாம் நாள் காலையில் அவருக்குக் குளிர் கண்டு பல் கிட்டியது. உடம்பு கொதித்தது. ஆம்புலன்சில் ஏற்றும்போது என்னை யாரென்று தெரியாத மாதிரி பார்த்தார். டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் திட்டவில்லை. முட்டிக்கு மேலே என்று மட்டும் சொன்னார். கையெழுத்தை நான் போட்டேன்.

ஒன்பதாம் நாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கேட்டில் நீளமாக ஓர் அட்டைப்பெட்டி சாய்த்து வைத்திருந்தது.

அவருக்கு நினைவு தெளிந்ததும் போர்வைக்குள் கையை விட்டுத் தடவினார். தொடையிலிருந்து மெல்லக் கீழே வந்து, கட்டு முடிகிற இடத்தில் கை நின்றது. அதற்குக் கீழே படுக்கை விரிப்பைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கையை வெளியே எடுத்துவிட்டு, லிப் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன்.

அவர் வீடு திரும்பியபிறகு பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து மாட்டினார். இவர் சக்கர நாற்காலியில் வாசலுக்கு வந்து, குனிந்து, அதன் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். நல்ல சாமான் என்றார். காடியை விற்றுவிடலாமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவரை ஆஸ்பத்திரிக்கும் கிளினிக்குக்கும் நான்தான் அதில் ஓட்டிப் போகிறேன். தாழ்வான சீட், அவரை இறக்கி ஏற்றுவதற்குள் என் இடுப்பு கழன்றுவிடும்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று. அவர் எனக்கு முந்திக்கொண்டு பதில் சொல்வார். கடையில ஸ்டாக் இல்ல, இருந்திருந்தா அன்னைக்கே மாட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன், பாவம் இவ கடை கடையா அலைஞ்சா. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் நான் தேத்தண்ணீர் கலக்கப் போகிறேன் என்று அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன்.

போன மாதம் ஒரு பொங்கோலில் லிப்பை இடித்துவிட்டேன். உடையவில்லை. ஓர் ஓரத்தில் ஆணி கழன்று தொங்கியது. மெக்கானிக் ஊரில் இல்லை. பாயா ரும்புட்டுலதானே அந்தக் கடை, அங்கேயே போவோம் என்றார் அவர். வேறு கடைக்குப் போகலாம் என்று ஏதேதோ சாக்குச் சொன்னேன். சாமான் ஆர்டர் பண்ணிக் கொடுத்த ஆள்கிட்ட போறதுதான் முறை என்றார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். போனேன்.

கடைக்காரருக்கு என்னை நினைவு இருந்தது. வேறு வாடிக்கையாளராக இருந்தால் மறந்திருப்பார், நான் பேசிய பேரம் அப்படி. ஆணியை முடுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இவர் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். வஞ்சம் இல்லாத மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"இதே பீஸ் அன்னைக்கு நம்ம கடையில இருந்துச்சுண்ணே. ஒரு மணி நேரத்துல மாட்டித் தரேன்னேன். அக்காதான் வேணாம்னுட்டாங்க."

அவர் சரி தம்பி என்றார். நான் காடியை எடுத்தேன். மெயின் ரோட்டுக்கு வந்து, இரண்டு சிக்னல் தாண்டும்வரை அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு மிச்சம்?" என்றார்.

"நூத்தி எம்பது."

அவர் தலையை ஆட்டினார். முன்னால் சிவப்பு விழுந்திருந்தது, நின்றேன். பச்சை வந்ததும் கிளட்சை மிதித்தேன். பக்கத்தில், பின் குத்தி மடித்துவைத்த கால்சட்டைக்குள் அவருடைய இடது தொடை சீட்டில் அழுந்தியது. நான் கிளட்சை விட்டதும் அதுவும் விட்டது. அவருக்கு அது தெரியவில்லை, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு போய்ச் சேரும்வரை, நான் கியர் மாற்றிய ஒவ்வொரு முறையும் அப்படியே மிதித்துக்கொண்டு வந்தார்.